இருந்திருந்து வரும் கோளாறு

மவுஸ் கெட்டுவிட்டது என்று கடைக்குக் கொண்டுவருகிறவர்களில் பாதிப்பேருடைய மவுஸ் நன்றாகத்தான் இருக்கும். கண்ணாடி மேசைமேல் வைத்து ஓட்டுவார்கள். அடியில் இருக்கும் ஒளிக்கண்ணுக்குக் கண்ணாடியில் எதுவும் பிடிபடாது; திரையில் அம்பு திக்குத் தெரியாமல் அலையும். ஒரு பழைய நோட்டு அட்டையை அடியில் வைத்து ஓட்டிக்காட்டி அனுப்பிவிடுவேன். கெடாததைக் கெட்டது என்று சொல்லும் பழக்கம் எனக்கில்லை. என் குணத்தைப் பற்றிக் கேட்டீர்கள், அதனால் இதை முதலில் சொல்கிறேன்.

அந்தக் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் பத்தொன்பது வருடமாக இருக்கிறேன். மவுஸ், கீபோர்டு எது வந்தாலும் என் மேசைக்குத்தான் வரும். அண்ணன் பள்ளியில் பூகோளம் எடுத்தவர், என்னைவிடப் பதினோரு வயது மூத்தவர். எனக்குக் கல்யாணம் அமையவில்லை. அவர் வீட்டிலேயே இருந்துவிட்டேன். அண்ணி காலமாகி, மகளும் கல்யாணமாகி வேறு ஊர் போனபின் வீட்டில் நாங்கள் இருவர்தான். அண்ணனுக்கு வாய் ஓயாது. சவரம் செய்யும்போது பேசுவார், குளியலறைக் கதவுக்குப் பின்னாலிருந்தும் பேசுவார். என்னை ஸ்க்ரூ என்றுதான் கூப்பிடுவார். நாளெல்லாம் ஊமை இயந்திரங்களோடு இருந்துவிட்டு வருகிறவனுக்கு அந்தச் சத்தம் எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குப் புரியுமா தெரியவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் அவருக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு போயிற்று. வலது மணிக்கட்டும் இரண்டு விரல்களும் தவிர உடம்பில் எதுவும் அவர் சொன்னபடி கேட்கவில்லை. நான்தான் திரை முழுக்க எழுத்துகளைக் கட்டம் கட்டமாகப் போட்டு, அம்பை எழுத்தின்மேல் கொண்டுபோய் அழுத்தினால் அது பதிகிற மாதிரி அமைத்தேன். அவர் உள்ளங்கைக்கு ஏற்றபடி ஒரு மவுஸின் முதுகை ராவினேன், பூப்போல அழுத்தினாலே போதும் என்கிற மாதிரி உள்ளே சுவிட்சை மாற்றினேன். வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம். மூன்றாம் நாள் அவர் எழுதியது: "டீயில சர்க்கரை இல்லடா ஸ்க்ரூ." நான் சமையலறைக்குப் போய் அழுதேன்.

எட்டு மாதம் அப்படி ஓடியது. கடை வேலையை வீட்டுக்கே வாங்கிவந்து செய்தேன். துடைப்பது, ஊட்டுவது, இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்கவைப்பது எல்லாம் நான்தான். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. என் வாழ்க்கையில் நன்றாக இருந்த நாட்கள் எவை என்று கேட்டால் அவற்றைத்தான் சொல்வேன்.

பிறகு மகள் வந்தாள். இருவரும் ஒரு மணி நேரம் திரையில் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் டீ கொண்டுபோனபோது திரையில் இருந்தது: "உன்கூடவே வந்துடறேன் பாப்பா." அவள் சந்தோஷமாக என்னிடம் விவரம் சொன்னாள். கீழ்த்தளத்தில் அறை ஒதுக்கிவிட்டார்களாம். நெடும்பயணம் என்பதால், அவர் தெளிந்த மனதோடுதான் முடிவெடுக்கிறாரா என்று டாக்டர் ஒருமுறை பார்த்துச் சொல்ல வேண்டுமாம். வியாழக்கிழமை வருகிறாராம். நல்லது என்றேன். எனக்குக் கோபமில்லை. அண்ணன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று மட்டும் வருத்தமாக இருந்தது.

இங்கே கொஞ்சம் தொழில் விஷயம் சொல்ல வேண்டும். மவுஸை அழுத்தும்போது டிக்கென்று கேட்கிறதே, அது உள்ளே இருக்கும் சிறு செப்புத் தகட்டின் சத்தம். தகடு தளர்ந்தால் நாம் ஒருமுறை அழுத்துவது இரண்டாகப் பதியும். எப்போதும் அப்படியே பதிந்தால் யாரும் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். இருந்திருந்து வரும் கோளாறுதான் பொல்லாதது. நாலுமுறை ஒழுங்காக வேலை செய்து ஐந்தாவது முறை தப்பினால் யாரும் மவுஸைச் சந்தேகப்பட மாட்டார்கள், அதைப் பிடித்திருக்கும் கையைத்தான் சந்தேகப்படுவார்கள்.

அதே மாதிரி இன்னொரு மவுஸை எடுத்து அதே அளவுக்கு முதுகை ராவினேன். கழித்துப்போட்ட சாமான்களிலிருந்து ஒரு தளர்ந்த சுவிட்சை உள்ளே வைத்தேன். ஒளிக்கண்ணில் பசையை லேசாகத் தீற்றியதில் அம்பு சிலசமயம் பக்கத்துக் கட்டத்துக்குத் தாவியது. முதலில் கோளாறு மிதமிஞ்சிப் போய்விட்டது. இரண்டு மாலைகள் சோதித்து, துடைத்து, குறைத்து, அளவுக்குக் கொண்டுவந்தேன்.

வியாழக்கிழமை டாக்டர் பொறுமையாகத்தான் கேட்டார். மகள் பெயர் என்ன, இது எந்த வருடம், எங்கே இருக்க ஆசைப்படுகிறீர்கள். அண்ணன் எழுதினார். எழுத்துகள் சிதறின. அழிக்கப் போனால் நல்ல எழுத்தும் சேர்ந்து அழிந்தது. அவர் நெற்றியெல்லாம் வியர்த்தது, நான் துடைத்துவிட்டேன். மூன்றாவது கேள்வியில் அவர் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. டாக்டர் மகளை வெளியே அழைத்துப்போய், புரிந்துகொள்ளும் சக்தி குறைந்துவிட்டது, இடம் மாற்றினால் இன்னும் குழம்பிவிடுவார் என்றார். மவுஸைச் சோதிக்க யாருக்கும் தோன்றவில்லை. அதைச் சோதிக்கிற தொழில்காரன் பக்கத்திலேயே நின்றிருந்தேன் அல்லவா. "நீங்க இல்லன்னா அப்பாவோட கதி என்ன சித்தப்பா" என்று அவள் அழுதாள். தலையைத் தடவிக்கொடுத்தேன்.

அவள் ஊருக்குப் போனதும் நல்ல மவுஸைத் திரும்ப வைத்தேன். எனக்கு அவரோடு பேச வேண்டும். அண்ணன் ஓர் எழுத்தை அழுத்திப் பார்த்தார், இன்னொன்றை அழுத்தினார். மவுஸைப் பார்த்தார், அப்புறம் என்னை வெகுநேரம் பார்த்தார். பிறகு எழுதினார்: "ஏன்டா."

ஒளிக்காமல் சொன்னேன். அவளுக்கு வேலை, குழந்தைகள். சம்பளத்துக்கு வரும் யாரோதான் உங்களைப் புரட்டிப் போடுவார்கள், உங்கள் டீக்கு எவ்வளவு சர்க்கரை என்று அவர்களுக்கு என்ன தெரியும். அவர் கேட்டுக்கொண்டார். மவுஸிலிருந்து விரல்களை எடுத்தார். அதற்கப்புறம் எனக்காக ஓர் எழுத்துகூட எழுதவில்லை. தினமும் காலையில் நல்ல மவுஸை அவர் உள்ளங்கைக்கடியில் வைப்பேன்; தள்ளிவிடுவார்.

மகள் வரும் நாட்களில் மற்றதை வைப்பேன். அதில் மட்டும் அவளிடம் சொல்ல ஒவ்வொரு தடவையும் முயன்றார், முதல் எழுத்திலிருந்து. ஒருமுறை அதைக் கீழே தள்ளிவிட்டு என்னைப் பார்த்துச் சத்தம் போட்டார். கோபமும் இந்த நோயில் சகஜம் என்று டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். வேளை தவறாமல் நான்தான் கொடுத்தேன். அப்படிப் பத்து மாதம்.

போன ஞாயிற்றுக்கிழமை மகள் வந்திருந்தாள். நான் பால் வாங்கப் போன நேரத்தில் அவளுடைய மவுஸில் பேட்டரி தீர்ந்திருக்கிறது. அப்பாவுடையதை எடுத்துத் தன் லேப்டாப்பில் மாட்டியிருக்கிறாள். நான் திரும்பி வந்தபோது அது அவள் கையில் இருந்தது.

"சித்தப்பா, இது எப்பருந்து இப்படி இருக்கு?"

கவனிக்கவில்லை என்று நான் சொன்னால் யார் நம்புவார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது. பாலை வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

ஆக, செய்தது நான்தான். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. அவருடைய வாயை மூடியது நான்தான் என்று வாக்குமூலத்தில் நீங்கள் எழுதியிருக்கிற வரியின் கீழும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் நேற்று நீங்கள் காட்டிய அந்தத் தாளை மட்டும் இதனோடு சேர்க்க வேண்டாம். உங்கள் ஆட்கள் கொடுத்த புது மவுஸில் அண்ணன் எழுதியது என்றீர்கள். "அவன் என் பக்கத்துல வரவே கூடாது" என்று ஒரு பிழைகூட இல்லாமல் இருந்தது. அண்ணன் அப்படி எழுத மாட்டார். அந்த மவுஸில் ஏதோ கோளாறு இருக்கிறது. என்னை ஓர் ஐந்து நிமிடம் அவர் அறைக்குள் விடுங்கள், சரிசெய்து கொடுத்துவிடுகிறேன்.