வெள்ளிக்கிழமை பேட்ச்

"கம்ப்யூட்டர் படிக்க வெள்ளிக்கிழமைதாம்பா தோது" என்று பின்சீட்டில் ஒரு குரல் கேட்டதும், நல்ல நாள் பார்த்துப் படிக்கிற ஆசாமி யாரென்று திரும்பிப் பார்த்தேன். எண்பதுகளின் நடுவில், ஆம்பூரிலிருந்து வேலூர் போகும் மாலை பஸ். ஒரே தோல் கம்பெனி ஆபீசில் வேலை பார்க்கும் இரண்டு பேர். பேச்சிலேயே பெயர் தெரிந்தது: ஸ்டீபன், ரஹீம்.

"எம்.எஸ்சி. சேரணும்னா வேலைய வுட்டுடணுமோன்னு பேஜாரா இருந்துச்சு," என்றார் ஸ்டீபன். "ஒரு காலேஜ்ல தினம் சாயந்தரம் கிளாஸ். மெட்ராஸுக்கு தினமும் யாரு போய் வர்றது? இன்னொண்ணுல ஞாயித்துக்கிழமை."

"ஞாயித்துக்கிழமை நமக்கு கம்பெனி உண்டே."

"அதான். மூணாவது காலேஜ்ல கம்ப்யூட்டரே ஒண்ணுதானாம். ஒவ்வொரு பேட்சுக்கும் ஒரு கிழமை. வெள்ளிக்கிழமை பேட்சுக்கு ஆளே இல்லியாம். மெட்ராஸ்காரனுக்கு அன்னிக்கு ஏது லீவு?"

"நம்ம கம்பெனில ஜும்மா தொழுகைக்கு வாராவாரம் லீவு!" ரஹீம் சிரித்த சிரிப்பில் கண்டக்டரே திரும்பினார்.

"மிஷின் முன்னாடி நான் ஒருத்தனே உக்காந்துருப்பேன்."

"பாடம்லாம் எப்டி?"

"அத இன்னும் பாக்கல."

ரஹீம் மறுபடி சிரித்தார். "நானும் உன்னாட்டம் பி.எஸ்சி. கணக்குதான்," என்றார். வேலூரில் இறங்கும்போது ஸ்டீபனின் தோளைத் தட்டினார்.

"ஃபாரம் ரெண்டா வாங்கிட்டு வா. அப்டியே காலேஜ் பக்கத்துல மசூதி எங்க இருக்குன்னு பாத்துட்டு வா."