பூனையை அழ வைத்தவள்

பாயான் பாரு நிறுத்தத்தில் பஸ் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். இளையவள் சொன்னாள்: "அந்தப் பூனைய அழ வச்சதே நான்தான்கா."

ஒட்டுக் கேட்பது தப்புதான். ஆனால் இதற்குப் பிறகும் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருக்கும் அளவுக்கு நான் நல்லவன் இல்லை.

"போன் கேம்தானேலா?"

"நான் செஞ்ச கேம்கா. மூடப் போனா பூனை அழும். அம்மா பாவப்பட்டு மூடவே மாட்டேங்குறாங்க. நேத்து கிளினிக்ல நம்பர் கூப்பிட்டும் எழுந்திரிக்கல. டாக்டரப் பாக்காமலே வீட்டுக்கு வந்துட்டாங்க."

"அப்ப அழுகைய எடுத்துடு."

"பாஸ் இன்னும் சத்தமா அழ வைக்கச் சொல்றாரு. மாட்டேன்னா வேலை போயிடும்."

"நீ விளையாடுவியா?"

"ஐயோ! அந்த அழுகைய என்னால தாங்க முடியாதுக்கா."

"அம்மா மட்டும் தாங்கணுமாலா?"

இளையவள் போனை எடுத்தாள். எதையோ தட்டி, வாசித்துக் காட்டினாள்: "பாஸ், மூடினா பூனை தூங்கட்டும். அழ வைக்கணும்னா வேற ஆளப் பாருங்க." உடனே அனுப்பியும் விட்டாள்.

"படிச்சிட்டாருக்கா... டைப் பண்றாரு... நிறுத்திட்டாரு... மறுபடியும் டைப் பண்றாரு."

நான் இறங்க வேண்டிய இடம் வந்தது. பாஸ் என்ன சொன்னார் என்று தெரியாமல் எப்படி இறங்குவது? உட்கார்ந்தே இருந்தேன். அடுத்த நிறுத்தமும் போனது.