வளைவு தாண்டி நின்ற வேன்

நெடுஞ்சாலையில் வண்டி நின்றுபோனால் உள்ளேயே உட்கார்ந்திருக்கக் கூடாது ஐயா. நிறையப் பேருக்கு இது தெரிவதில்லை. ஓரத் தடத்துக்கு வந்துவிட்டால் பிழைத்தோம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். சாலைப் பக்கம் இல்லாத கதவு வழியாக இறங்கி, தடுப்புக் கம்பியைத் தாண்டிப் போய் நிற்க வேண்டும். எங்களைப் போன்ற பராமரிப்பு ஆட்கள் என்றால், முதலில் பின்னால் நூறு தப்படி நடந்து ஐந்து எச்சரிக்கைக் கூம்பு வைத்துவிட்டு வர வேண்டும்.

அந்த நூறு தப்படி நடக்க என் தம்பிக்கு மேற்பார்வையாளர் நேரம் கொடுக்கவில்லை. கூம்பு கிடக்கட்டும், குழியை மூடுடா என்றார். குனிந்தவன் நிமிரவில்லை. அறிக்கையில் விபத்து என்றுதான் எழுதியிருக்கிறது என்று சொல்லி என்னிடம் கைநாட்டு வாங்கினார்.

அப்புறம்தான் நாற்பத்தாறு வயதில் மாலை வகுப்புக்குப் போய் எழுத்துக் கூட்டப் பழகினேன். "வாத்தியாரே, இன்னைக்கு எந்த போர்டு படிச்சீங்க?" என்று மேற்பார்வையாளர் எல்லோர் முன்னாலும் கேட்பார். நான் படித்தது தம்பி மனைவி வைத்திருந்த அறிக்கையின் நகலை. ஒரு பக்கத்துக்கு இரண்டு நாள் ஆனது. சொல்லியும் கேட்காமல் கூம்பு வைக்கவில்லை, குடித்திருந்தான் என்று இருந்தது. அதனால் அவளுக்கு நஷ்டஈடு இல்லை. கீழே என் ரேகை நன்றாகப் பதிந்திருந்தது.

நான் சண்டைக்குப் போகவில்லை. ஏழு மாதம் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து வேலைக்குப் போனேன்.

அன்று மதியம் வேனில் நாங்கள் இரண்டு பேர்தான். வளைவு தாண்டியதும், பின் டயர் இழுக்கிறது, ஓரம் கட்டுங்கள் என்றேன். கட்டினார். இறங்கப் போனார். விதி அவருக்கும் தெரியும், பாவம்.

"நீங்க எதுக்குண்ணே வெயில்ல? ஏசியப் போட்டு உக்காருங்க. கூம்ப நான் வச்சுட்டு வந்து பாத்துக்கறேன்."

"இப்பத்தான்யா உனக்குப் புத்தி வந்திருக்கு" என்று சீட்டைச் சாய்த்துக்கொண்டார்.

டயருக்கு ஒன்றுமில்லை ஐயா. கூம்புகளைத் தூக்கிக்கொண்டு கம்பிக்கு அந்தப் பக்கம் போய் நின்றேன். எட்டு நிமிஷம் இருக்கும். அந்த வளைவில் பெரிய லாரிகள் ஓரத்தில் ஏறித்தான் திரும்பும். பதினோரு வருஷமாகப் பார்க்கிறேன். மோதின சத்தம் அடங்கியதும் நூறு தப்படி எண்ணி ஐந்தையும் வைத்தேன். பின்னால் வருகிறவர்களுக்கு ஏதும் ஆகிவிடக் கூடாதல்லவா.

நான்தான் கொன்றேன், எழுதிக்கொள்ளுங்கள். ஒருத்தரைத்தான்.

லாரிக்காரரும் செத்துப்போய்விட்டாரா? அவரை எனக்குத் தெரியாதே. அவர் பார்த்து ஓட்டியிருக்க வேண்டும்.