உடையாத கண்ணாடி

வீடு மாறுவதென்றாலே எனக்கு அலுப்பு. எவ்வளவு கவனமாக மூட்டை கட்டினாலும் ஏதாவது ஒன்று தொலைந்துவிடும். போன முறை காணாமல் போன கரண்டியை என் மனைவி இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறாள். அதனால், சுரங்கத்துக்கு நிலம் எடுக்கிற கம்பெனியில், அங்கிருப்பவர்களை வேறிடத்தில் குடியமர்த்தும் வேலை கிடைத்தபோது, இதற்கு நான்தான் சரியான ஆள் என்று நினைத்தேன். அடுத்தவர் அலுப்பு எனக்குப் புரியும் அல்லவா.

நான் யாரையும் மிரட்டியதில்லை, ஐயா. விசாரித்துப் பாருங்கள். மேலத்தெருவில் எனக்கு 'மாப்பிள்ளை' என்றே பெயர். எந்த வீட்டுக்குப் போனாலும் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, டீ கொடுத்து, நான் சொல்வதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கடைசியில் மாட்டோம் என்பார்கள். சுரங்கம் அந்தப் பக்கமாகத்தான் விரிய வேண்டியிருந்தது. புதுக் குடியிருப்பு தயார். குழாயில் தண்ணீர்கூட வந்தது. ஒருவரும் அசையவில்லை. மேலதிகாரி என்னைக் கூப்பிட்டு, "டீ குடிச்சது போதும்" என்றார்.

வெடி வைக்கிற அதிர்வில் வீட்டுச் சுவர்களில் மெல்லிய விரிசல்கள் விழுந்திருந்தன. விரிசலுக்குக் குறுக்கே ஒரு சின்னக் கண்ணாடித் துண்டை வைத்து, இரண்டு முனையையும் சாந்தால் ஒட்டிவிடுவோம். சுவர் மயிரிழை நகர்ந்தாலும் கண்ணாடி உடைந்துவிடும். உடைந்தால் வீடு ஆபத்து, உடனே காலி செய்ய வேண்டும். மேலத்தெருவில் எல்லா வீட்டுக்கும் வெளிச்சுவரில் ஒட்டினேன். பகலில் ஆட்கள் வேலைக்குப் போன பின், நடந்த வாக்கிலேயே கட்டைவிரலால் ஒரு அழுத்து. எல்லாவற்றையும் ஒன்றாக உடைத்தால் சந்தேகம் வரும் என்று, இன்றைக்கு ஒரு வீடு, சில நாள் விட்டு இன்னொரு வீடு. என்னோடு சண்டை போட்டவர்களே கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லவேளை சொன்னீங்க" என்றார்கள். மழைக்கு முன் தெரு காலியானது. ஒருவர் மேலும் ஒரு கீறல் இல்லை. எனக்கு அதில் பெருமைகூட இருந்தது.

கீழத்தெரு கம்பெனிக்குத் தேவைப்படவில்லை. ஊர் வாயை அடைக்க அங்கேயும் ஓரிரு வீடுகளில் கண்ணாடி ஒட்டியிருந்தேன். அதில் ஒன்று தையல் அக்கா வீடு. கணவர் இல்லை, நர்ஸ் படிப்பு படிக்கும் ஒரு மகள். என் சட்டையில் பித்தான் தொங்குவதைப் பார்த்தால் போதும், சட்டையைக் கழற்றக்கூட விடமாட்டார், ஊசியை எடுத்துவிடுவார். "அசையாதீங்க தம்பி, குத்திட்டா உங்க கம்பெனிக்கு நான்ல இழப்பீடு குடுக்கணும்" என்பார்.

ஒருநாள் அவரே ஆபீசுக்கு வந்தார். "தம்பி, கண்ணாடி ரெண்டா போயிடுச்சு. பயந்துக்கிட்டு மெஷினைக்கூட நகர்த்திப் போட்டுட்டேன். எங்களுக்கும் அங்க வீடு கிடைக்கும்ல?"

போய்ப் பார்த்தேன். அவர் வீட்டில் விரிசல் உள்சுவரில் இருந்தது. அதில் என் நகம் நுழைந்தது. ஒட்டிய அன்று நுழையவில்லை.

புதுவீட்டு ஆசையில் அவரே உடைத்திருப்பார் என்று நினைத்தேன், அதனால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று போன வாரம் விசாரணையில் உங்களிடம் சொன்னேன். செத்தவர் மேல் பழி போட்டேன். உங்கள் முன்னால் வாய் கூசவில்லை, வீட்டுக்குப் போன பிறகுதான் கூசியது. உண்மை வேறு. நான் தகவல் கொடுத்தால் பொறியாளர் வருவார். வந்தவர் கீழத்தெருவோடு நிற்கமாட்டார். இன்னும் இடிக்காமல் நிற்கும் மேலத்தெருச் சுவர்களையும் அளப்பார். அங்கே ஒன்றும் நகரவில்லை என்று தெரிந்துவிடும். அந்தச் சுவர்களை இடித்து முடிக்கும்வரை கொஞ்சம் தள்ளிப்போட்டால் போதும், பிறகு அக்காவுக்கு நானே வீடு வாங்கிக் கொடுப்பேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

"சாந்து சரியா காயலக்கா, அதான் உடைஞ்சிருக்கு. சுவர் கல்லு மாதிரி இருக்கு."

"நீங்க பாத்துட்டீங்கல்ல தம்பி, அது போதும்."

விரிசலைப் பூசினேன். புதுக் கண்ணாடி வைத்தேன். மெஷின் நடு அறையில் நடக்க இடைஞ்சலாக இருக்கிறது என்றார். இருவருமாகத் தூக்கி, பழைய இடத்திலேயே சுவரை ஒட்டிப் போட்டோம். கனமான பக்கத்தை நான்தான் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த வாரம், மத்தியான வெடிக்குச் சுவர் விழுந்தது. அக்கா தைத்துக்கொண்டிருந்தார். மகள் கல்லூரியில் இருந்தாள். சொன்னபடியே புதுக் குடியிருப்பில் அவளுக்கு ஒரு வீடு வாங்கிக் கொடுத்தேன். சாவியை வாங்கும்போது, "நீங்க வந்து பாத்த பிறகுதான் அம்மா பயமில்லாம உக்காந்து தைச்சாங்க மாமா" என்றாள். நன்றியாகத்தான் சொன்னாள்.

இடிபாட்டில் கிடைத்ததென்று மேசைமேல் வைத்திருக்கிறீர்களே, அந்தக் கண்ணாடிதான் நான் கடைசியாக ஒட்டியது. சுவரே விழுந்தும் இது ஏன் உடையவில்லை என்று கேட்டீர்கள். ஒரு முனையை மட்டும்தான் ஒட்டினேன், ஐயா. மறுமுனையில் ஒப்புக்குக் கொஞ்சம் சாந்தைத் தடவிவிட்டேன். சுவர் எவ்வளவு நகர்ந்தாலும் அது உடையாது.

சுவர் நகர்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. அந்த ஊரில் நான் உடைக்காமல் உடைந்த கண்ணாடி அக்கா வீட்டுக் கண்ணாடி ஒன்றுதான்.