ஒரே ஒரு தூர்

ஸ்டேஷன் டீ நன்றாக இருக்கிறது ஐயா, சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல். நான் சிரிப்பதைத் தப்பாக நினைக்காதீர்கள். மலையிலிருந்து இறங்கியதிலிருந்தே இப்படித்தான், சந்தோஷம் அடங்க மாட்டேன் என்கிறது.

நானும் என் அக்காவின் கணவரும் ஒரே இடத்தில் வேலை. மலைச்செடிகளைக் கொண்டுவந்து உலர்த்தி, அட்டையில் ஒட்டிப் பாதுகாப்போம். வேலையை வாங்கித் தந்தவரே மாமாதான். சேர்ந்த அன்றே ஒரு விதி சொன்னார்: ஓரிடத்தில் ஒரே ஒரு தூர்தான், அதாவது ஒரே ஒரு செடிதான் இருக்கிறது என்றால் அதன் மேல் கை படக்கூடாது, படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிட வேண்டும்.

பீடபூமியின் விளிம்பில், ஒரு பாறை வெடிப்பில் அதைப் பார்த்தோம். மஞ்சள் பூ. நாங்கள் படித்த எந்தப் புத்தகத்திலும் இல்லாதது. சுற்றுவட்டாரம் முழுக்கத் தேடினோம், இன்னொன்று கிடைக்கவில்லை. குளிரில் மேலே கருகிப்போனாலும் வேரிலிருந்து வருஷா வருஷம் தளிர்க்கிற சாதி என்று அடியில் இருந்த பழைய கருகிய தண்டுகளே காட்டின. வேர் போனால் எல்லாம் போச்சு. எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. நரைத்த இரண்டு ஆம்பிளைகள் கையைக் கோத்துக்கொண்டு குதித்தோம் என்றால் பாருங்கள்.

பக்கவாட்டில் படம் எடுக்கப் போன மாமாவுக்குக் கால் சறுக்கியது. விளிம்புக்குக் கீழே தொங்கினார். கைக்கு அகப்பட்டதைப் பற்றியிருந்தார். அந்தத் தூரைத்தான்.

"மாப்ளே, கயிறப் போடு."

கயிறு என் தோளில்தான் கிடந்தது. போட்டிருப்பேன். ஆனால் அதைப் பாறையில் கட்டி முடிப்பதற்குள் வேர் கையோடு வந்துவிடும். மண் உதிர ஆரம்பித்திருந்தது.

"மாமா, அத விட்ருங்க. ஒரே தூரு."

"விட்டா நான் போயிடுவேன்டா."

பதற்றத்தில் தான் சொன்ன விதியே அவருக்கு மறந்துவிட்டது. மனுஷன்தானே, கோபித்துக்கொள்ள முடியுமா? நான் குப்புறப் படுத்து, அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டேன். இலை கிழியக்கூடாதே என்று சுண்டுவிரலில் ஆரம்பித்தேன். ஓர் இதழ்கூட உதிரவில்லை ஐயா. வயிறு வலிக்கும்வரை சிரித்தேன்.

பூவுக்கு மாமாவின் பெயரையே வைக்கச் சொல்லியிருக்கிறேன். அக்கா வெளியே அழுதுகொண்டிருக்கிறாளாமே. அவளிடம் சொல்லுங்கள், இனி வருஷா வருஷம் மாமா பூப்பார் என்று.