ரெண்டு படத்துக்கு நடுவுல

— பூசினது போதும் மாப்பிள்ளை. விட்டா அந்த எலிக்குத் தலைவாரிப் பவுடரும் போடுவீங்க போலிருக்கு.

— இது ஜெல் மாமா. இது இல்லாம ஸ்கேன்ல இதயம் தெரியாது. ஸ்டூல்ல உக்காருங்க, இதை முடிச்சுட்டு உங்களை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்.

— டாக்டர் எங்க போயிடப் போறான்! உங்க மூஞ்சியைப் பாருங்க, நாளைக்கு ஆராய்ச்சியைப் பத்திப் பேச மேடை ஏறப்போற ஆள் மூஞ்சியா இது? எலி மூஞ்சியே தேவலை.

— ஏறினாத்தானே! நான் கண்டுபிடிச்ச மருந்து குடுத்த எலிக்கெல்லாம் நடுக்கம் நின்னு போச்சுன்னு ஊர் பூரா சொல்லிட்டேன். உங்க நெஞ்சுல இருக்கே, அதே மாதிரி நடுக்கம். இப்ப ஸ்க்ரீனைப் பாருங்க.

— துடிக்குது.

— நல்லாப் பாருங்க. நடுங்குது. மருந்து குடிச்ச எலிதான் இது.

— நேத்து வரைக்கும் நடுங்கலையே?

— நேத்து வரைக்கும் தெரியலை. படம் பெருசா, அழகா விழட்டும்னு அகலத்தைக் கூட்டி வெச்சிருந்தேன். அகலம் கூடினா மெஷின் நொடிக்கு எடுக்கற படம் குறைஞ்சிடும். எலி இதயம் என்ன வேகம்! நடுக்கம் ரெண்டு படத்துக்கு நடுவுல வந்துட்டுப் போயிருக்கு.

— வாட்ச்மேன் அப்பப்ப கண்ணைத் தொறந்து பாத்துட்டு, திருடனே வரலைன்னு சொன்ன கதையா?

— அதேதான்.

— இதுக்கா இத்தனை வருஷம் படிச்சீங்க?

— மாமா, வேணாம்.

— சரி சரி. மெஷின்லதானே கோளாறு? மருந்து நல்ல மருந்துதானே?

— மருந்துதான் கோளாறு. சில எலிக்கு நடுக்கம் கூடியே இருக்கு.

— கூடியிருக்கா? அன்னைக்குச் சாப்பிடறப்ப அப்படி அடிச்சுச் சொன்னீங்க!

— நீங்கதான் என் ஆராய்ச்சியையே நம்பாத ஆளாச்சே, உங்களுக்கு ஏன் வேர்க்குது? டாக்டர் குடுத்த மாத்திரையைப் போடறீங்களா இல்லையா?

— அவன் கிடக்கான். மூஞ்சியைக்கூட நிமிர்ந்து பாக்காம எழுதித் தர்றவன். அவன் மாத்திரை எல்லாம் வாஷ்பேசினுக்குத்தான்.

— மாமா!

— கத்தாதீங்க. இந்த மருந்தை இன்னும் நம்ம வீட்டு ஃபிரிட்ஜ்லதானே வைக்கறீங்க?

— இந்த லேப் ஃபிரிட்ஜ் கெட்டதுலேருந்து அங்கதான், முட்டைத் தட்டுல. ஏன்?

— நீங்களும் அதை அப்பப்பதான் தொறந்து பாப்பீங்க.

— காலையில ஒரு தடவை. என்ன மாமா, எதுக்குச் சட்டையைக் கழட்டறீங்க?

— எலியைக் கொஞ்சம் ஓரமாப் போடுங்க. அந்த ஜெல்லை என் நெஞ்சுல பூசுங்க. அழகெல்லாம் வேணாம், படம் நிறைய எடுங்க. சத்தியமாச் சொல்றேன் மாப்பிள்ளை, எலிக்கு மிச்சம் வெச்சுத்தான் குடிச்சேன்.