பேர் வெட்டிய தூக்கு

மூன்றாம் வகுப்போடு நின்று, தனி ஆளாகப் பாத்திரப் பட்டறை போட்டு முன்னேறியவன் நான். எவர்சில்வரின் கனத்தை ஓசையிலேயே சொல்லிவிடுவேன். ஓசூரிலிருந்து உத்தனப்பள்ளி போகும் பஸ்ஸில், முன் சீட்டுப் பெண் பையிலிருந்து எடுத்த தூக்குவாளி சீட்டுக் கம்பியில் ணங்கென்று இடித்தது. நல்ல கனமான சரக்கு. பக்கத்தில் இருந்த தன் அண்ணன் மனைவியிடம் அதை நீட்டினாள்.

“அண்ணி, மூடியில என்ன பேரு வெட்டியிருக்கு, படிங்க.”

“மஞ்சுளான்னு. உன் பேருதான்.”

“உங்க புது வீட்டுக்கு நான் சீரா வெச்ச தூக்கு. மாநகராட்சி மையத்துல இருந்துச்சு. வேண்டாததை வெச்சுட்டுப் போனா வேணுங்கறவங்க எடுத்துக்கறாங்களே, அங்க.”

“உங்கண்ணன் வேலையா இருக்கும்.”

“அண்ணனுக்குச் சமையல்கட்டு எந்தப் பக்கம்னே தெரியாது. ஞாயித்துக்கெழமை பாப்பாவுக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில உக்கார வெக்கணும். எனக்கு எப்படி மனசு வந்து உங்களைக் கூப்பிடறது?”

அண்ணி தூக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“அது சரி, நீ எதுக்கு மஞ்சு அங்க போன?”

“சும்மாதான்.”

“வெறுங்கையோடவா?”

மஞ்சுளா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “ஒரு குக்கர் வெச்சேன்.”

“நாங்க தீபாவளிக்குக் குடுத்ததா?”

மஞ்சுளா தூக்கை வாங்கிப் பைக்குள் திணித்தாள்.

“அதுல பேரு வெட்டலைங்கற தைரியம்,” என்றாள் அண்ணி.

இரண்டு ஸ்டாப் தாண்டின. பிறகு அண்ணிதான் கேட்டாள்.

“ஞாயித்துக்கெழமை சீருக்கு என்ன பாத்திரம் கொண்டாரட்டும்?”

“உங்க இஷ்டம் அண்ணி. பேரு மட்டும் வெட்டாம கொண்டாங்க.”